வாசகர் கேள்வி பதில்: பிரவுணியும் லண்டனுக்கு வரலாமா?

இந்தமுறை வந்த கடிதங்களில் நான்கு, நாயோடு விமானத்தில் போவதைப் பற்றியவை. நான்கும் திருகோணமலைப் பக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, நான் உப்புவெளி. கலியாணம் முடிந்து ஒன்றரை வருடம், கணவர் லண்டனில், இப்போதுதான் விசா கிடைத்திருக்கிறது. வீட்டில் பிரவுணி என்று ஒரு நாய் இருக்கிறான், ஆறு வயது, பதினெட்டுக் கிலோ. கடற்கரையில் வள்ளத்துக்குக் கீழே குட்டியாகக் கிடந்தவனை நான்தான் தூக்கி வந்தேன். அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை, அவனை ஒப்படைத்துவிட்டுப் போக ஆளும் இல்லை, எனக்கு மனமும் இல்லை. அடுத்த மாதக் கடைசிக்கு டிக்கெட் போடலாம் என்று அவர் சொல்கிறார். நாயைச் சாமான் மாதிரி ஏற்றலாம், பெரிய வேலை இல்லை என்று டிக்கெட் போடும் இடத்தில் சொன்னார்கள். தூக்க மருந்து கொடுத்தால் வழி முழுக்கத் தூங்கிவிடுவான் என்கிறார் மாமா. என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு போக முடியாதா?
— ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் போடாதீர்கள். அடுத்த மாதம் பிரவுணியால் லண்டனில் இறங்க முடியாது. விமானக் கம்பனி ஏற்றுமா ஏற்றாதா என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் அவனுடைய ஊசித் தேதியும் இரத்தம் எடுக்கும் தேதியும்தான் கணக்கு. விசர்நாய் நோய் விஷயத்தில் பிரித்தானியா வைத்திருக்கும் பட்டியலில் இலங்கை இல்லை, பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வரும் நாய்க்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம், அதற்குப் பிறகு காத்திருக்கும் காலமும் கட்டாயம். எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்தக் காலத்தைக் குறைக்க வழி இல்லை.

வரிசையைச் சொல்கிறேன், ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதலில் மைக்ரோசிப். அரிசிமணி அளவு, கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் ஊசியால் போடுவார்கள், பதினைந்து இலக்க எண் இருக்கும். சர்வதேசத் தரத்துக்குரிய சிப்தானா என்று கேட்டுப் போடுங்கள். அதற்குப் பிறகு, அல்லது அதே நாளில் அதே மேசையில், விசர்நாய் தடுப்பூசி. சிப் முந்தி, ஊசி பிந்தி. இந்த ஒரு வரியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டு நாயை அக்காவிடம் அனுப்ப வெளிக்கிட்டபோது ஒரு கிளினிக்கில் தடுப்பூசியைப் போட்டுவிட்டு, சிப் கையிருப்பில் இல்லை, இரண்டு கிழமை கழித்து வாருங்கள் என்றார்கள். எனக்கும் அப்போது தெரியாது, தலையாட்டிவிட்டு வந்தேன். சிப் இல்லாத நாயின் ஊசி எந்த நாய்க்குப் போட்ட ஊசி என்று யார் சொல்வது? அந்த ஊசி கணக்கில் வரவில்லை, திரும்பவும் முதலிலிருந்து போட வேண்டி வந்தது, பயணம் அப்படியே பின்னுக்குப் போனது. பிரவுணிக்கு வருடா வருடம் ஊசி போட்டிருந்தாலும், சிப் இல்லாமல் போட்டவை எல்லாம் இந்தப் பயணத்துக்கு உதவாது.

தடுப்பூசி போட்டு 30 நாளாவது கழிந்த பிறகு இரத்தம் எடுக்க வேண்டும். அதை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடம் ஒன்றுக்கு உங்கள் மிருக வைத்தியர் அனுப்ப வேண்டும், ஏதோ ஒரு லாப் போதாது. ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் தேறியது. தேறினாலும் உடனே போக முடியாது, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஜனவரி 5 சிப்பும் ஊசியும், பெப்ரவரி 10 இரத்தம் என்று வைத்தால் மே 10 தாண்டித்தான் லண்டன். ஆக நான்கு மாதத்துக்கு மேல். ரிசல்ட் குறைவாக வந்து திரும்ப ஊசி போட நேர்ந்தால் இன்னும் நீளும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆறு மாதம் வைத்துக்கொள்வேன்.

நல்ல சேதி ஒன்றும் இருக்கிறது. ஒருமுறை தேறிவிட்டால், தடுப்பூசியை நாள் பிந்தாமல் தொடர்ந்து போட்டுக்கொண்டு வரும்வரை இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. அதனால் பயணம் எப்போது என்று முடிவாகாவிட்டாலும் இந்தக் கிழமையே சிப்பையும் ஊசியையும் தொடங்குங்கள்.

ஊசிக் காட்டையும் (தடுப்பூசி அட்டை) வடிவாகப் பாருங்கள். ஊரில் இலவசமாகத் தடுப்பூசி போடும் நாட்களில் தரும் சின்னக் காட்டில் தேதி மட்டும் இருப்பதுண்டு. உங்களுக்கு வேண்டியது சிப் எண், மருந்தின் பெயர், தயாரித்த கம்பனி, தொகுதி எண், எதுவரை செல்லும் என்ற தேதி எல்லாம் இருக்கும் சான்றிதழ். மருந்துப் போத்தலில் இருக்கும் ஸ்டிக்கரை வைத்தியர் காட்டில் ஒட்டும்போது பக்கத்தில் நின்று, சிப் எண்ணின் பதினைந்து இலக்கத்தையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு இலக்கம் மாறி எழுதப்பட்டாலும் அந்தக் கடதாசி வேறு நாயின் கடதாசி ஆகிவிடும்.

கடைசிப் பத்து நாள்தான் ஓட்டம். பிரித்தானியாவுக்கான சுகாதாரச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் நாய் போய்ச் சேர வேண்டும், அதில் அரச மிருக வைத்திய அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தோடு இரண்டு மாதம் முந்தியே கதைத்து, எந்த அலுவலகத்துக்கு எந்த நாளில் வர வேண்டும் என்று கேட்டு வையுங்கள். அந்தப் பத்து நாளுக்குள் போயா விடுமுறையும் சனி ஞாயிறும் வந்தால் உங்கள் கையில் மிஞ்சுவது ஐந்தாறு நாள், ஆகவே கலண்டரைப் பார்த்துத்தான் டிக்கெட். நாடாப்புழு மருந்தும் இதற்குள் வரும். அதை லண்டனில் இறங்குவதற்கு 24 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 120 மணித்தியாலத்துக்குக் கூடாமலும் வைத்தியரே கொடுத்து, நேரத்தோடு சான்றிதழில் எழுத வேண்டும். ஞாயிறு பின்னேரம் இறங்குகிறீர்கள் என்றால் வியாழக்கிழமை கொடுப்பது பாதுகாப்பு, விமானம் ஒரு நாள் பிந்தினாலும் தாங்கும்.

பக்கத்தில் வைத்துக்கொண்டு போக முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். லண்டனுக்கு முடியாது, தங்கச்சி. பிரித்தானியாவுக்குள் விமானத்தில் வரும் வீட்டு நாய் கார்கோவாக மட்டும்தான் வரலாம், கேபினிலும் வராது, பயணப் பெட்டிக் கணக்கிலும் வராது. கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய் போன்றவைக்குத்தான் விலக்கு. அதனால் "சாமான் மாதிரி ஏற்றலாம்" என்று சொன்னவரின் பேச்சை நம்பிக் காசு கட்ட வேண்டாம். கார்கோ என்றதும் பயப்படவும் வேண்டாம். நாய்கள் போகும் பகுதிக்கும் கேபினைப் போலவே காற்றழுத்தம் உண்டு, வெப்பமும் பார்த்துக்கொள்வார்கள். பாரிசுக்குப் போய் அங்கிருந்து காரோடு கடலடிச் சுரங்க ரயிலில் இங்கிலாந்து போகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு உங்களுக்கு ஐரோப்பிய விசாவும் நாய்க்கு இரண்டு பக்கத்துக் கடதாசியும் வேண்டும். உங்கள் நிலைமையில் அது இரட்டை வேலை.

இன்னொன்று, நீங்களும் அவனும் ஐந்து நாள் இடைவெளிக்குள் போய்ச் சேர வேண்டும். அதைத் தாண்டினால் வியாபாரத்துக்குக் கொண்டுவரும் நாயின் விதிகள் வந்துவிடும். விசாவில் நுழைவதற்குக் கடைசித் தேதி கிட்டவாக இருந்தால் நீங்கள் முதலில் போய், காலம் முடிந்ததும் திரும்பி வந்து அவனை அழைத்துப் போவதைத்தான் நான் சொல்வேன். அதற்கிடையில் அவனைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆளாக ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். டிக்கெட் இரண்டாகும், தெரியும். கடதாசி பிழைத்து லண்டனில் இறங்கினால் அவனைத் தனிமைப்படுத்தி வைப்பார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள், செலவு உங்கள் தலையில்.

இனிக் கூடு. இதை நான் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் கடதாசி எல்லாம் சரியாக இருந்தும் கூடு சின்னது என்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் திருப்பி விடப்படுகிற நாய்கள் உண்டு. விமானக் கம்பனிகள் எல்லாம் ஐயாட்டா என்ற சர்வதேச அமைப்பின் உயிர்விலங்கு விதிகளைப் பின்பற்றுகின்றன. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவை எடுத்து, பிரவுணியை விறாந்தையில் நேராக நிற்க வைத்து அளவுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஒன்று. நிலத்திலிருந்து முன்னங்கால் முட்டிவரை (முழங்கை மூட்டு) ஒன்று. தோளின் குறுக்கு அகலம் ஒன்று. நிலத்திலிருந்து தலை உச்சிவரை ஒன்று, காது நிமிர்ந்து நின்றால் காது நுனிவரை. கூட்டின் நீளம், உடல் நீளத்தோடு முட்டி உயரத்தின் பாதியைக் கூட்டியது. அகலம், தோள் அகலத்தின் இரண்டு மடங்கு. உயரம், தலை உயரத்தோடு கீழே விரிக்கும் மெத்தையின் தடிப்பு. அவன் 70 சென்ரிமீற்றர் நீளம், முட்டி 30, தோள் 20, தலை 58 என்றால் உள்ளளவு 85 நீளம், 40 அகலம், மெத்தையோடு 60க்கு மேல் உயரம். கடைக்காரர் "பதினெட்டுக் கிலோ நாய்க்கு இது போதும்" என்று நிறையை வைத்துக் கூடு தந்தால் வாங்காதீர்கள், நாடாவை வைத்துப் பாருங்கள். நின்றால் தலை முட்டக் கூடாது, முழுதாகத் திரும்ப வேண்டும், நீட்டிப் படுக்க வேண்டும்.

கூட்டின் மேல்பாதியும் கீழ்பாதியும் பிளாஸ்டிக் கொக்கியால் பூட்டுவதாக இருந்தால் அதை மாற்றி இரும்பு நட்டும் போல்ட்டும் போடுங்கள். கதவு இரும்புக் கம்பி, நான்கு பக்கமும் காற்றோட்டம், சில்லு இருந்தால் கழற்ற வேண்டும், தண்ணீர்க் கிண்ணம் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து ஊற்றக்கூடியதாக இருக்க வேண்டும். உயிருள்ள விலங்கு என்ற அறிவிப்பும் எந்தப் பக்கம் மேல் என்று காட்டும் அம்புக்குறியும் ஒட்ட வேண்டும். கழுத்துக் கயிற்றை உள்ளே விடாதீர்கள், சுற்றிக்கொள்ளும். காசும் இந்தக் கூட்டை வைத்துத்தான். கார்கோவில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000ஆல் பிரித்து வருவதை நிறையாகக் கணக்கெடுப்பது வழக்கம். வெளியளவு 90, 60, 68 என்றால் 61 கிலோவுக்கு மேல் வரும், பிரவுணி பதினெட்டுக் கிலோ என்பது அங்கே எடுபடாது. விலை கேட்கும்போது கூட்டின் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

தூக்க மருந்து கொடுக்கவே கூடாது. மாமா நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார், ஆனால் அந்த மருந்து இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் குறைக்கும், நாய் தன்னைச் சமநிலையில் வைத்துக்கொள்ள முடியாமல் கூட்டுக்குள் விழும், மூச்சு வாங்கி உடம்புச் சூட்டைத் தணிக்கவும் முடியாமல் போகும், அங்கே பார்க்க நீங்கள் பக்கத்தில் இல்லை. மருந்து கொடுத்திருப்பது தெரிந்தால் விமானக் கம்பனிகள் ஏற்றவும் மாட்டா.

மருந்துக்குப் பதிலாகப் பழக்கம் வேண்டும். கூட்டை இரண்டு மூன்று மாதம் முந்தியே வாங்குங்கள். முதல் கிழமை மேல்பாதியைக் கழற்றிவிட்டுக் கீழ்பாதியை மட்டும் அவன் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் வையுங்கள். சூடை மீனை அவித்து முள்ளெடுத்து அதற்குள் வையுங்கள். முதல் நாள் முன்னங்கால் இரண்டையும் மட்டும் உள்ளே வைத்து, பின்னங்காலை வெளியே ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி எடுத்துக்கொண்டு ஓடுவான். ஓடட்டும். தள்ளிவிடாதீர்கள். அவனாகவே உள்ளே போய்ச் சுருண்டு படுக்கும் நாள் வரும், அதற்குப் பிறகு மேல்மூடி, அப்புறம் கதவு, ஐந்து நிமிடம், அரை மணி, ஒரு முழு இரவு. கடைசியில் கூட்டோடு வேனில் ஏற்றி நிலாவெளி வரைக்கும் போய் வாருங்கள், வண்டி ஆடுவதும் பழக வேண்டும்தானே.

கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய 250 கிலோமீற்றர். இரவில் குளிர் என்று இரவு வெளிக்கிடுவார்கள், கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டில் யானை வீதிக்கு வரும், அதனால் விடியற்காலை வெளிச்சம் வர ஏசி வேனில் கிளம்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தம்புள்ளையில் இறக்கித் தண்ணீர் காட்டி நடக்க விடுங்கள். முடிந்தால் முதல் நாளே போய் நீர்கொழும்பில் நாயையும் உள்ளே அனுமதிக்கும் இடமாகப் பார்த்துத் தங்குங்கள். ஒப்படைப்பதற்கு நான்கு மணித்தியாலம் முந்தி லேசான சாப்பாடு, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து மாட்டினால் ஏற்றும்போது சிந்தாது, போகப் போக உருகும். நீங்கள் உடுத்துக் கழுவாத பழைய சட்டை ஒன்றை மெத்தையில் போட மறக்காதீர்கள்.

ஹீத்ரோவில் இறங்கினால் அவனை அங்குள்ள விலங்கு வரவேற்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சிப்பையும் கடதாசியையும் பார்ப்பார்கள். அதற்குச் சில மணித்தியாலம் எடுக்கும். குடியிருப்பு மாற்றத்துக்கான சுங்க வரி விலக்கு விண்ணப்பத்தை உங்கள் பெயரில் முந்தியே போடுங்கள், இல்லாவிட்டால் சொந்த நாய்க்கே வரி கட்ட நேரும்.

கேள்வி: மகன் டொரண்டோவில். நாங்களும் போகிறோம். ஒன்பது மாதப் பொமரேனியன், நான்கு கிலோ. அதற்கும் இந்த இரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டா? மடியில் வைத்திருக்க விடுவார்களா?
— பாலையூற்று

பதில்: கனடாவுக்கு உங்கள் சொந்த நாய் என்றால் இரத்தப் பரிசோதனை கேட்கமாட்டார்கள், எட்டு மாதம் தாண்டிய நாய்க்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிய செல்லுபடியான விசர்நாய் தடுப்பூசிச் சான்றிதழ் முக்கியம். ஒரு எச்சரிக்கை: 2022 செப்டம்பர் 28இலிருந்து இலங்கை உட்பட விசர்நாய் ஆபத்துக் கூடிய நாடுகளிலிருந்து விற்பனைக்கும் தத்துக் கொடுக்கவும் நாய் கொண்டுபோவதைக் கனடா நிறுத்திவிட்டது. "மகனின் கூட்டாளிக்கும் ஒரு குட்டி கொண்டு வாருங்கள்" என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மடியில் வைக்க எந்தக் கம்பனியும் விடாது. கேபினில் விடும் கம்பனிகளிலும் பையோடு சேர்த்து ஏழெட்டுக் கிலோவுக்குள் இருந்து, முன் சீட்டுக்குக் கீழே வழி முழுக்கப் பைக்குள் இருக்க வேண்டும். எமிரேட்ஸ் போன்றவை வீட்டு நாயைக் கேபினில் ஏற்றுவதே இல்லை. நடுவில் விமானம் மாறினால் இரண்டாவது கம்பனியையும் கேளுங்கள், ஒரு விமானத்துக்கு இத்தனை செல்லப்பிராணி என்று எண்ணிக்கையும் வைத்திருப்பார்கள், அதனால் போனில் சொன்ன பதிலோடு நிற்காமல் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பக் நாயை ஜூலையில் டோகாவுக்குக் கொண்டுபோக வேண்டும். பல கம்பனிகள் முடியாது என்கின்றன. ஏன்?
— உவர்மலை

பதில்: நாய்க்கு வியர்வை நம்மைப்போல் வராது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே விடும். பக், புல்டோக், ஷிட்சு, பெக்கினீஸ் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே நெருக்கம், பயமும் சூடும் சேர்ந்தால் மூச்சுத் திணறி இறந்துவிடலாம். அதற்காகத்தான் மறுக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏற்றும் கம்பனிகளும் வழக்கமான அளவைவிடப் பத்து வீதம் பெரிய கூடு கேட்கும். வளைகுடாவில் ஜூலை நாற்பது பாகையைத் தாண்டும் மாதம். விமானத்துக்குள் ஒன்றுமில்லை, ஏற்றுவதற்கு முந்தி தரையில் நிற்கும் அந்த நேரம்தான் எனக்குப் பயம். நவம்பருக்குப் பிறகு தள்ளிப் போடுங்கள். கட்டாருக்கு இறக்குமதி அனுமதியும் முந்தியே எடுக்க வேண்டும், அதற்கும் அவகாசம் கிடைக்கும். அதற்கிடையில் நிறை கூடியிருந்தால் குறைக்கப் பாருங்கள், கொழுத்த பக்குக்கு நிழலிலேயே மூச்சு வாங்கும்.

கேள்வி: பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பிள்ளைகள் பிரான்சுக்குக் கூப்பிடுகிறார்கள். மனைவியும் நானும் போனால் எங்கள் மணி தனித்துவிடும். பதின்மூன்று வயது, இருதயத்தில் இரைச்சல் இருப்பதாக வைத்தியர் சொன்னார், இரவில் இருமுகிறது. கூட்டிப்போவதா, விட்டுப்போவது பாவமா?
— தம்பலகாமம்

பதில்: ஐயா, கடதாசிப்படி பார்த்தால் பிரான்சுக்கும் சிப், ஊசி, இரத்தம், மூன்று மாதம் எல்லாம் லண்டனைப் போலத்தான். ஆனால் மணியைக் கூட்டிப்போக வேண்டாம் என்றே சொல்வேன். இருதயம் இரைந்து இரவில் இருமுகிற நாய்க்கு, கட்டுநாயக்கவரை வேனில் போகும் அந்த ஐந்தாறு மணித்தியாலமே பெரிய பாரம். அதற்கு மேல் விமானத்தில் பாதி நாள், இருட்டு, இரைச்சல், தெரியாத ஆட்கள். பறக்கலாம் என்று எந்த வைத்தியராவது எழுதித் தந்தாலும் என் மனம் ஒப்பாது.

விட்டுப்போவதைப் பாவம் என்று நினைக்காதீர்கள், எப்படி விட்டுப்போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். மணியை வேறு வீட்டுக்குக் கொண்டுபோகாமல், தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டுக்கே வந்து இருப்பது நல்லது, வயதான நாய்க்கு அந்த முற்றமும் அந்தக் கிணற்றடியும் தெரிந்திருக்க வேண்டும். அவர் ஒரு மாதம் முந்தியே வந்து சாப்பாடு வைக்கத் தொடங்கட்டும், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே. மாத்திரை எத்தனை மணிக்கு, எதற்குள் வைத்துக் கொடுத்தால் துப்பாது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வைத்தியரின் போன் நம்பரும், இருமல் கூடினால் யாரையும் கேட்காமலே செலவழிக்கக் கொஞ்சக் காசும் அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் இருவரும் ஒன்றாகப் போகாமல் முதலில் அம்மா மூன்று மாதம், அவர் வந்த பிறகு நீங்கள் என்று மாறிப் போக முடியுமா என்றும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மணிக்குப் பதின்மூன்று வயது என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும், அவர்களும் அவனைக் குட்டியாகப் பார்த்தவர்கள்தானே.